எட்டாம் நம்பர் வீட்டுக்கு வந்த வெளிச்சம்

புனிதா வீட்டை விட்டுப் போனதற்குக் காரணம் ரசம். ரசத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. மிளகும் பூண்டும் அளவாகப் போட்ட நல்ல ரசம்தான். அதைக் கணவர் திருச்செல்வத்தின் தட்டில் ஊற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவருடைய கைப்பேசியின் மேல் ஊற்றிவிட்டார். நட்ட நடுப்பகலில், சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில், தட்டு எது போன் எது என்று தெரியாத இருட்டு.

"கண்ணு தெரியலன்னா லைட்டப் போட வேண்டியதுதானே!" என்று திருச்செல்வம் குதித்தார்.

"பகல்ல எதுக்கு லைட்டுன்னு சுவிட்சு மேல டேப் ஒட்டி வெச்சது யாரு?" என்றார் புனிதா.

ஒட்டியவர் குனிந்து போனைத் துடைத்தார். மல்லித்தழை ஒன்று சார்ஜ் ஓட்டையில் சிக்கியிருந்தது.

அந்த இருட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. கிள்ளானில் மேரு பக்கம் இருக்கும் அந்தத் தாமான் குடியிருப்பில், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய மாடியில்லாத வீடுகள். கட்டியவன் என்னவோ பின்பக்கம் ஜன்னல் வைத்து வெளிச்சமாகத்தான் கட்டிக் கொடுத்தான். வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர் சமைக்கிற குசினியைப் பின்னால் இழுத்துக் கட்டினார். அதைப் பார்த்து அடுத்தவர் கட்டினார். திருச்செல்வம் இரண்டு பேரையும் மிஞ்ச வேண்டும் என்று பின்சந்து வரைக்கும் இழுத்தார். குசினி பெரிதானது. நடுவீடு குகையானது. வெளிச்சத்தை மூடுவதற்கு அன்றைக்குக் கொட்டிய வெள்ளிப் பணத்தை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு வயிறு எரியும்.

புனிதா பெட்டியை எடுத்துக்கொண்டு மகள் விஷ்ணுப்ரியாவின் காரில் ஏறினார். விஷ்ணுப்ரியா பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் பதினெட்டாவது மாடியில் இருக்கிறாள். மூன்று பக்கமும் கண்ணாடி, மூன்று பக்கமும் வெயில்.

"எப்ப வருவே?" என்று கேட்டார் திருச்செல்வம், கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு.

"வெளிச்சம் வந்தா சொல்லுங்க. அன்னிக்கு நானும் வரேன்."

முதல் சில நாள் திருச்செல்வம் ராஜாவாக இருந்தார். முட்டையைப் பொரித்தார், பொரித்த சட்டியிலேயே தின்றார். கடையில் ரொட்டி சானாய் டாபாவ் என்று பொட்டலம் கட்டி வாங்கி வந்து டிவி முன்னால் உட்கார்ந்து தின்றார். சாப்பிட்ட காகிதத்தை எங்கே போட்டார் என்று அவருக்கே தெரியாது. இருட்டில் போட்டார், அவ்வளவுதான் தெரியும். அப்புறம் ஒரு நாள் டிவியில் யாரோ தும்மியதற்கு, "புனிதா, தைலம் தேச்சியா?" என்று இவர் குரல் கொடுத்தார். பதிலுக்கு ஃபிரிட்ஜ்தான் உறுமியது. அன்றைக்கு முடிவு செய்தார், கூரையில் ஜன்னல் போட்டுவிடுவது என்று.

விஷ்ணுப்ரியா ஒரு பெரிய கடையின் விலாசம் அனுப்பியிருந்தாள். அங்கே நடாலி என்ற விற்பனைப் பெண் அவருக்கு ஐஸ் தண்ணீர் கொடுத்து, வழுவழுவென்ற புத்தகத்தைப் பிரித்துக் காட்டினாள்.

"இது டபுள் கிளாஸ் அங்கிள். வெளிச்சம் வரும், சூடு வராது. ரிமோட்ல தொறக்கலாம். மழ வந்தா அதுவே கண்டுபிடிச்சு மூடிக்கும்."

"மழ வந்தா மூடறதுக்கு எங்க வீட்லயே ஆளு இருக்கு மா," என்று பெருமையாகச் சொன்னவருக்கு, அந்த ஆள் இப்போது வீட்டில் இல்லை என்பது உடனே நினைவுக்கு வந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு விலையைக் கேட்டார்.

ஜன்னல் ஒரு விலை. அதைச் சுற்றி மழைநீர் இறங்காமல் இருக்கப் போடும் தகட்டுக்கு ஒரு விலை. கூரைக்கும் சிலிங்குக்கும் நடுவே வெளிச்சம் இறங்கி வரப் பெட்டி அடிக்க ஒரு விலை. ஆள் கூலி தனி. எல்லாம் கூட்டிப் பன்னிரண்டாயிரம் வெள்ளியைத் தாண்டியது. திருச்செல்வம் இன்னொரு கிளாஸ் ஐஸ் தண்ணீர் கேட்டார்.

வேறு ஆள் தேடியதில் அகப்பட்டவன்தான் பழனியப்பன். லோரியில் 'ரூஃபிங் பழனி' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே தன் படத்தையும் போட்டிருப்பவன். வீட்டுக்கு வந்தான், டார்ச் அடித்து மேசையைக் கண்டுபிடித்தான், அண்ணாந்து பார்த்தான்.

"சின்ன வேலதான் அங்கிள். மேல ஓடுங்கள எடுப்போம், ஓட்டத் தாங்குற ரீப்பர் கட்டைய அறுப்போம், சுத்தி வேற கட்டை போட்டு முட்டுக் கொடுப்போம். ஃபிரேம உக்கார வெச்சு, சுத்தி அலுமினியத் தகடு. தகடுதான் முக்கியம். அத ஒழுங்கா போடலேன்னு வெச்சுக்குங்க, ஒவ்வொரு மழைக்கும் உங்க மேசைல ரசம்தான்."

ரசம் என்ற சொல்லைக் கேட்டதும் திருச்செல்வத்துக்குக் கை தானாகச் சட்டைப்பையிலிருந்த போனைப் பொத்திக்கொண்டது.

"எவ்வளவு ஆகும்?"

"உங்களுக்குன்னா நாலாயிரம் லா. ரிமோட்டு கிமோட்டு இல்ல. ஆனா வெளிச்சம் அதே சூரியனோடதுதான்."

இந்தக் கடைசி வாக்கியத்தில் திருச்செல்வம் விழுந்துவிட்டார். பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தார். ஜன்னல் வந்ததும் கூப்பிடுகிறேன் என்று பழனி போனான்.

அவன் கூப்பிட்ட சனிக்கிழமை, திருச்செல்வம் கொமுட்டர் ரயிலில் இருந்தார். போர்ட் கிள்ளானில் வாங்கிய நெத்திலிக் கருவாடு மடியில் இருந்தது. புனிதாவுக்கு நெத்திலி என்றால் உயிர். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டிருந்தார்கள்.

"அங்கிள், இன்னிக்கு ஒரு வேல கேன்சல். ஜன்னல் லோரில இருக்கு. வந்து போட்ரவா?"

"நான் வீட்ல இல்லயேப்பா!"

"நீங்க எதுக்கு? கூரைக்கு என்ன சாவியா இருக்கு? மேல இருந்தே சிலிங்க அறுத்து இறங்கிருவேன். ஆனா முன்னாடி ரோட்ல லோரி போக வழியில்ல, ஒரு காரு கேன்வாஸ் போட்டு குறுக்க நிக்குது. பின்சந்து வழியா வரேன். எத்தனாவது வீடு?"

"எட்டு!"

"கேக்கல!"

"எட்டு லா, எட்டாம் நம்பர்!" என்று அவர் போட்ட கத்தலில், பெட்டியில் மிச்சமிருந்த ஒருவரும் எழுந்து போனார்.

குறுக்கே நின்ற அந்தக் கார் யாருடையது என்று இங்கே சொல்லிவிடுவது நல்லது. திருச்செல்வத்துடையதுதான். ஓடாத கார். விற்கவும் மனசில்லை, ஓட்டவும் வழியில்லை. நீலக் கேன்வாஸைப் போர்த்தி வாசலில் நிறுத்தியிருந்தார். அதன் வால் பக்கம் ஏழாம் நம்பர் வீட்டு கேட்டை மறைத்தது. ஏழாம் நம்பர்க்காரர் கிரிகரி இதற்காக அவரிடம் பேச்சை நிறுத்திப் பல காலம் ஆகிறது. சொல்ல வேண்டியதையெல்லாம் திருச்செல்வத்தின் காதில் விழும்படி தன் நாயிடம் சொல்வார். "சில பேருக்கு அடுத்தவன் வாசல்னா இளப்பம், இல்லடா டைகர்?"

பிரிக்பீல்ட்ஸில் பதினெட்டாவது மாடிக் கதவைத் திறந்த புனிதா, வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"என்ன புனிதா இது?"

"ஃபேஷன்," என்றார் புனிதா சுருக்கமாக. உள்ளே வெயில் சோபா, சுவர், சாமி மேடை எல்லாவற்றின் மேலும் ஏறி உட்கார்ந்திருந்தது. ஒரு ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டிருந்தார்கள். கிள்ளானை விட்டு வந்ததில் புனிதா இரண்டு மடங்கு கறுத்துப்போயிருந்தார் என்று திருச்செல்வத்துக்குத் தோன்றியது. சொல்லத் தைரியமில்லை.

"இன்னிக்கு நம்ம வீட்டுக்கு வெளிச்சம் வருது," என்று மட்டும் கருவாட்டுப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே சொன்னார்.

"வரட்டும், பாக்கலாம்," என்றார் புனிதா. ஆனால் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். திருச்செல்வம் திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.

வீட்டைத் திறந்தார். நடுவீட்டுக்கு ஓடினார். மேசை மூலையில் இடித்துக்கொண்டார். பழைய இருட்டு, அதே இடத்தில், அப்படியே இருந்தது.

"டேய் பழனி! எங்கடா என் ஜன்னல்?" என்று போனில் பாய்ந்தார்.

"என்ன அங்கிள் இப்படிக் கேக்குறீங்க? முடிச்சு, கூட்டிப் பெருக்கி, பின்கதவ சாத்திட்டுல்ல வந்தேன். படம் அனுப்பிருக்கேனே, பாக்கலயா? உங்க மகளுக்கும் அனுப்பிட்டேன். சூப்பர்னு சொன்னாங்க!"

படத்தைப் பார்த்தார். அருமையான ஜன்னல். அதிலிருந்து இறங்கிய வெளிச்சம் ஒரு மேசையின் மேல் பாய் விரித்த மாதிரி கிடந்தது. மேசையில் பிளாஸ்டிக் ரோஜா. சுவரில் வேளாங்கண்ணி மாதா.

"இது கிரிகரி வீடுடா!"

நடந்தது என்னவென்றால், இந்த ஊரில் சீனர்களுக்கு நாலு என்ற எண் ஆகாது. அவர்கள் மொழியில் அது சாவு என்ற சொல் போல ஒலிக்கும். அதனால் வீடு கட்டுகிறவர்கள் நாலாம் நம்பரை வைப்பதில்லை. மூன்றுக்கு அடுத்து ஐந்து என்று தாண்டிவிடுவார்கள். பழனிக்கு இது தெரியும். தெரிந்ததுதான் வினை. பின்சந்தில் எந்த வீட்டுக்கும் நம்பர் பலகை கிடையாது. முதல் வீட்டிலிருந்து கூரைகளை எண்ணி வந்தவன், 'நாலுதான் கிடையாதே, அப்ப எட்டாம் நம்பர்னா ஏழாவது வீடு' என்று மூளையைச் செலவழித்து ஒன்றைக் கழித்துவிட்டான். ஆனால் இந்தத் தாமானில் நாலைத் தாண்டவில்லை. நாலாவது வீட்டுக்கு மூன்று ஏ என்று பலகை மாட்டி ஒரு குடும்பத்தைக் குடிவைத்திருந்தார்கள்.

"மாதா படத்தப் பாத்தும் உனக்குச் சந்தேகம் வரலயா?"

"எங்க வீட்லயும்தான் மாதா படம் இருக்கு. முருகனுக்குப் பக்கத்துலயே வெச்சிருக்கோம். நீங்களும் அப்படி மாட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். மேச கூட இடம் மாறியிருந்துச்சு, நல்லாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன்."

திருச்செல்வத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. பந்திங்கில் மகன் கெல்வின் வீட்டுக்குப் போயிருந்த கிரிகரியும் அவர் மனைவி ஜோசஃபினும் டைகரோடு திரும்பி வந்துவிட்டார்கள். கேட்டைத் திறந்தார்கள். கதவைத் திறந்தார்கள். திருச்செல்வம் சுவரில் காதை வைத்துக் காத்திருந்தார்.

"மாதாவே!" என்ற அலறல் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது.

இவர் ஓடினார். ஜோசஃபின் மேசையருகே முழங்காலில் இருந்தார். மேலே நீல வானம். கிரிகரி வாயைத் திறந்தபடி அண்ணாந்து நின்றார். நாய் மட்டும் வேலையைப் பார்த்தது. திருச்செல்வத்தைப் பார்த்துக் குரைத்தது.

"இன்னிக்குத்தான் மாதாவுக்கு ஒம்பது நாள் நவநாள் ஜெபம் முடியுது அண்ணே," என்று கண்ணீரோடு சொன்னார் ஜோசஃபின். "எங்க வீட்டுக்கு ஒரு வெளிச்சத்தக் காட்டும்மான்னு கேட்டேன். பாருங்க, கேட்ட மாதிரியே குடுத்துட்டாங்க."

"மாதா குடுத்தாங்க, நான் இல்லேங்கல," என்றார் திருச்செல்வம் மெதுவாக. "ஆனா பழனிக்கு டெப்பாசிட் குடுத்தது நான்."

அப்புறம் விஷயத்தை விளக்கினார். மூன்று ஏ-யில் தொடங்கி, ஒன்றைக் கழித்தது வரைக்கும். கிரிகரி கேட்டுவிட்டு நாயின் பக்கம் திரும்பினார்.

"டைகர், நம்ம கூரைல ஓட்ட போட்டவங்க போலீசுக்குக்கூடப் பயப்படாம நம்ம வீட்லயே நிக்கிறாங்களே, என்ன தைரியம் பாரு."

"கழட்டி எடுத்துக்கச் சொல்றேன் கிரிகரி. ஓடுங்களப் பழையபடி..."

"யாரும் கைய வைக்கக் கூடாது!" என்று எழுந்தார் ஜோசஃபின். இத்தனை வருடத்தில் அந்த அம்மா இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. டைகர் மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. "நான் கேட்டேன், வந்துச்சு. அனுப்ப மாட்டேன்."

அப்போதுதான் விஷ்ணுப்ரியாவிடமிருந்து செய்தி வந்தது. 'அப்பா, அம்மா படத்த பாத்துட்டாங்க. நேர்ல பாக்கணுமாம். அஞ்சு நிமிஷத்துல வீடியோ கால்.'

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கதையும் இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இன்னொரு ஜன்னல் வர எத்தனை வாரம் ஆகுமோ, அத்தனை வாரமும் புனிதா அந்தக் கண்ணாடிக் கூண்டிலேயே இருந்துவிடுவாள், பிறகு பழகிவிடும், பழகிவிட்டால் வரவே மாட்டாள். ஃபிரிட்ஜ் உறுமுவதை இனி ஒரு நாள்கூடத் தனியாகக் கேட்க முடியாது என்று நினைத்தார்.

"கிரிகரி, உன் வீட்ட ஒரு பத்து நிமிஷம் எனக்குக் குடு."

கிரிகரி டைகரைப் பார்க்காமல் நேராக அவரைப் பார்த்தார். "அந்தக் காரு?"

"திங்கக்கெழம இழுத்துட்டுப் போயிருவாங்க."

"சத்தியமா?"

"முருகன் மேல."

"மாதா மேலயும் பண்ணு. அவங்க பாத்துக்கிட்டு இருக்காங்க."

இரண்டு பேர் மேலும் சத்தியம் செய்துவிட்டு, திருச்செல்வம் தன் வீட்டுக்கு ஓடி முருகன் காலண்டரையும் புனிதாவின் சோற்றுப் பானையையும் தூக்கிக்கொண்டு வந்தார். ஜோசஃபின் மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படத்தைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு அறைக்குள் போனார். அந்த ஆணியில் முருகன் ஏறினார். கிரிகரி டைகரின் வாயைப் பொத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றார்.

போனில் புனிதா வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"பாத்தியா? மேச தெரியுதா? உன் பான தெரியுதா? எல்லாம் வெள்ள வெளேர்னு!" என்று போனைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார் திருச்செல்வம்.

"ம்ம்," என்றார் புனிதா. "வீடு ரொம்பச் சுத்தமா இருக்கே."

"ஆமா, நான் தெனமும் கூட்டறேன்ல."

"லொள்" என்று ஒரு சத்தம் கேட்டது.

"நாய் எப்ப வாங்குனீங்க?"

"அது... எனக்கு இருமல்."

திரையில் புனிதாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "சரி. நாளைக்கு வரேன்," என்று வைத்துவிட்டார்.

வருகிறாள் என்ற சந்தோஷம் அரை நிமிடம்தான் இருந்தது. பிறகு பழனிக்குப் போன் போட்டார். இன்னொரு ஜன்னல் வர இரண்டு வாரம் ஆகும் என்றான் பழனி. வேண்டுமானால் இன்றைக்கு இலவசமாக ஓட்டை மட்டும் போட்டுக் கொடுக்கிறேன் என்றான். வெளியே கிள்ளானின் சாயங்கால மழை கொட்டத் தொடங்கியிருந்தது. திருச்செல்வம் வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் அவர் எட்டாம் நம்பர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். முதலில் காலில் விழுவதா, முதலில் சொல்லிவிட்டு அப்புறம் விழுவதா என்பது மட்டும் முடிவாகவில்லை. கார் வந்தது. விஷ்ணுப்ரியா பெட்டியை இறக்கினாள். அவள் முகத்தில் அடக்கிய சிரிப்பு தெரிந்தது. இவருக்கு அதைப் பார்க்கிற நிலைமை இல்லை.

"புனிதா, நான் ஒண்ணு சொல்லணும்..."

புனிதா அவரைத் தாண்டி நடந்தார். நேராக ஏழாம் நம்பர் கேட்டைத் திறந்தார். செருப்பைக் கழற்றினார். உள்ளே போய் வெளிச்சத்துக்கு நடுவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பசியாறிட்டு வரல. தோச இருந்தா போடுங்க," என்றார், பின்னாலேயே ஓடி வந்த கணவரைப் பார்த்து.

"புனிதா, இது... இது கிரிகரி வீடு."

"அப்படியா? நேத்து நம்ம வீடுன்னீங்களே."

கிரிகரி, ஜோசஃபின், டைகர் மூவரும் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். திருச்செல்வம் திருதிருவென்று விழித்தார். "எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"நம்ம வீட்ல பாத்ரூம் மேசைக்கு இந்தப் பக்கம். நீங்க காட்டுனதுல அந்தப் பக்கம். ஒட்டுன வீடெல்லாம் கண்ணாடில பாத்த மாதிரி திருப்பித் திருப்பித்தானே கட்டி வெச்சிருக்கான்."

"அது போன் கேமரா திருப்பிக் காட்டும் புனிதா..."

"முருகன் கையில வேலு சரியாத்தான் இருந்துச்சு. அவரு மட்டும் திரும்பலயா?"

விஷ்ணுப்ரியாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. வாசலில் உட்கார்ந்து சிரித்தாள்.

"அதுவும் இல்லாம பழனி அனுப்புன படத்துலயே மாதா இருந்தாங்க," என்றார் புனிதா. "சரி, இந்த மனுஷன் எவ்வளவு தூரம்தான் போறாருன்னு பாப்போம்னு வீடியோ போடச் சொன்னேன். சாமிய மாத்துற அளவுக்குப் போயிட்டீங்க."

திருச்செல்வம் தலையைக் குனிந்துகொண்டார். "தெரிஞ்சும் ஏன் வந்தே?"

புனிதா கைப்பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்து மேசையில் வைத்தார். "அங்க வெயிலு மண்டையப் பொளக்குது. சாமி மேடைல கற்பூரம் ஏத்தாமலே உருகுது. மககிட்ட எப்படிச் சொல்றது, வெளிச்சம் வெளிச்சம்னு குதிச்சுட்டு வந்தவ?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்காக கிரிகரி அண்ணன்கிட்டயே போய் நின்னிருக்கீங்க. பேசவே மாட்டேன்னு இருந்த ஆளுகிட்ட. அது போதும்னு தோணுச்சு," என்றார்.

"வெளிச்சம் வந்தாதான் வருவேன்னியே."

"வந்திருச்சுல்ல? எந்த வீட்டுக்குன்னு நான் சொல்லலயே."

திருச்செல்வத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கியது எல்லோருக்கும் தெரிந்தது, அவ்வளவு நல்ல வெளிச்சம். ஜோசஃபின் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார்.

கார் திங்கட்கிழமை போனது. சத்தியம் இரண்டு சாமிகள் மேல் அல்லவா. கிரிகரி தன் தலைக்கு மேலே இருந்த ஜன்னலுக்குரிய பணத்தை எடுத்துத் திருச்செல்வத்திடம் நீட்டினார். அந்த இரண்டு வாரமும் மத்தியானச் சாப்பாடு ஏழாம் நம்பரில்தான். அங்கேயே அடுப்பில் புனிதா ரசம் வைப்பார், ஜோசஃபின் மீன் பொரிப்பார். ராத்திரி எட்டாம் நம்பருக்குத் திரும்பி, அறையில் படுத்துக்கொள்வார்கள். நடுவீட்டு இருட்டை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

இரண்டாவது ஜன்னலோடு பழனி வந்தபோது, இந்தத் தடவை எண்ணுகிற வேலையை அவனிடம் விடுவதில்லை என்று புனிதா தீர்மானித்திருந்தார். தொடப்பக்கட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நடுவீட்டில் நின்று, அதன் காம்பால் சிலிங்கை இடித்தார்.

"இங்க பழனி! இங்க! சத்தம் கேக்குதா?"

"கேக்குது ஆன்டி!"

ஓடு நகர்ந்தது. ரம்பம் ஓடியது. கட்டைகள் ஏறின, தகடு மடிந்தது, சிலிங் திறந்தது. கடைசியில் பழனி பாதுகாப்புக் காகிதத்தை உரித்து எடுத்ததும், நடுவீட்டில் தொப்பென்று வெளிச்சம் விழுந்தது. குசினி இழுத்துக் கட்டிய நாள் முதல் சூரியனையே பார்த்திராத தரை. திருச்செல்வம் கை தட்டினார்.

புனிதா தட்டவில்லை. சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேசைக்கடியில் ரொட்டி சானாய்க் காகிதங்கள் குவிந்து கிடந்தன. நாற்காலியில் முட்டை ஒட்டிக் காய்ந்திருந்தது. மூலைக்கு மூலை ஒட்டடை. காணாமல் போனதாக ஊரெல்லாம் தேடிய கைலி, மின்விசிறியின் மேல் கிடந்தது. சுவரில் அன்றைய ரசம் தெறித்த இடத்தில் எறும்புகள் ஊர்வலம் போயின.

"தெனமும் கூட்டறேன்னீங்க?"

"இருட்டுல கூட்டுனேன் புனிதா..."

"அந்தக் கைலி எப்படிங்க அங்க ஏறுச்சு? வீடா இது, மாட்டுக் கொட்டாயா? நான் கொஞ்ச நாள் இல்லேன்னா இப்படியா வெச்சிருப்பீங்க? பிடிங்க இத!" தொடப்பக்கட்டை இவர் கைக்கு வந்தது. புனிதா சட்டி பானைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் திட்டத் தொடங்கினார். அந்தத் திட்டு வீடு முழுக்க நிறைந்தது. ஃபிரிட்ஜ் உறுமுவது காதிலேயே விழவில்லை. எத்தனை நாளாயிற்று இப்படித் திட்டு வாங்கி என்று நினைத்துக்கொண்டே, திருச்செல்வம் சந்தோஷமாகக் குனிந்து பெருக்கினார்.

அரை மணி நேரம் பெருக்கினார். முதுகு பிடித்துக்கொண்டது. திட்டு இன்னும் பாதிச் சட்டிகளைக்கூடத் தாண்டவில்லை. ஏணியை மடக்கிக்கொண்டிருந்த பழனியின் பக்கம் நைசாக நகர்ந்தார்.

"பழனி," என்றார் கிசுகிசுப்பாக. "இத மூடறதுன்னா எவ்வளவு ஆகும்?"

"அதுக்கு வேற கொட்டேஷன் அங்கிள்."

"என்ன அங்க குசுகுசு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல புனிதா," என்றார் திருச்செல்வம். "குப்ப முறம் எங்கன்னு கேட்டேன்."